உடம்பு இன்னும் அந்த நாளிலேயே நிற்கிறது: வாசகர் கேள்வி பதில்

விபத்து, தாக்குதல், தீ, வெள்ளம், கண்முன் நடந்த மரணம். இப்படி ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகு எப்படி மீண்டு வருவது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் போன கார் விபத்துக்குள்ளானது. அண்ணனுக்குக் கையில் எலும்பு முறிவு, எனக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. ராத்திரி கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்க்கிறேன். வீட்டில், "உயிர் தப்பினதே பெரிசு, மறந்துட்டு ஆகுற வேலையப் பாரு" என்கிறார்கள். எனக்கு ஏன் மறக்க முடியவில்லை?

பதில்: வீட்டில் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் மறதி நாம் கூப்பிட்டால் வருவதில்லை. உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது என்ன என்று முதலில் சொல்கிறேன், அது தெரிந்தாலே பாதி பயம் குறையும். ஆபத்து வந்தால் எச்சரிக்கை கொடுப்பதற்கென்று மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அது யோசிக்காது, ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடம்பை முடுக்கிவிடும். அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் எல்லாம் ரத்தத்தில் ஏறும், நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும். அந்த முடுக்கம்தான் உங்களைக் காப்பாற்ற வந்தது. விபத்து முடிந்த செய்தி அறிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அமிக்டலாவுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலியாகச் சொல்வார்கள், உண்மையில் அரண்டுபோன உடம்பு அப்படித்தான் வேலை செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மூன்று வாரம்தான் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். திடுக்கிடுவது, தூக்கம் கெடுவது, காட்சி கண்முன் ஓடுவது எல்லாம் முதல் மாதத்தில் மிகவும் சகஜம், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துகொண்டு வரும். உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் பிடிஎஸ்டி எனப்படும் நீடித்த மன பாதிப்புக்குப் போகிறவர்கள் ஆறு சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதனால் இப்போதைக்கு உங்கள் வேலை உடம்புக்கு "முடிந்துவிட்டது" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும்தான். அதை வாயால் சொன்னால் போதாது, உடம்பு வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசாக ஏறும், வெளியே விடும்போது இறங்கும். அதனால் விடும் மூச்சை நீளமாக்கினாலே உடம்பு அமைதிப் பக்கம் சாயும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், இரண்டு மூன்று நிமிஷம் போதும். நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட வேண்டாம், அப்படிச் செய்தால் தலைதான் சுற்றும். ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருட்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். "பச்சைக் கதவு, பக்கெட், செருப்பு, ஜன்னல் கம்பி, காலண்டர்." கேட்கும் சத்தங்கள் சிலவற்றையும் சொல்லுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் கவனம் அந்த ரோட்டிலிருந்து இந்த அறைக்கு வந்துவிடும்.

கதவு விஷயத்துக்கு ஒரு யோசனை. பூட்டும்போது அவசரமில்லாமல் பூட்டி, தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, "மணி பத்தரை, பூட்டிவிட்டேன்" என்று உங்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். நடுராத்திரி சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையை நினைத்துப் பாருங்கள், அப்படியும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் பரவாயில்லை, உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம் கார். ஒரேயடியாகத் தவிர்த்தால் பயம் அங்கேயே குடியேறிவிடும், ஒரேயடியாக ஏறிப் போனாலும் உடம்பு தாங்காது. நிறுத்தி வைத்த காரில், இன்ஜின் போடாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அது பழகின பிறகு இன்ஜின் போட்டு உட்காரலாம். அதற்கப்புறம் தெருமுனை வரை. பக்கத்தில் யார் இருந்தாலும், "நிறுத்து" என்று நீங்கள் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்துகிறவராக இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்லோரும் தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் அந்தத் தீதான் தெரிகிறது, மூச்சு முட்டுகிறது. என்னால் ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்து உள்ளே கவனிப்பது சாதாரண நாளில் நல்ல பயிற்சி. ஆனால் உள்ளே தீ எரிந்துகொண்டிருப்பவரை உள்ளே போய் உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பலருக்குத் தியானம் தொடக்கத்தில் படபடப்பைக் கூட்டும், இது தெரியாமல் அறிவுரை சொல்கிறவர்கள்தான் அதிகம். தாராளமாக நிறுத்திவிடுங்கள்.

இந்த விஷயத்தில் என் கருத்தை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன், மற்ற கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை. அந்தச் சம்பவம் நடந்தபோது உங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது, உங்களால் நிறுத்த முடியவில்லை. அதனால் மீண்டு வரும்போது நீங்கள் செய்யும் எந்தப் பயிற்சியும் நீங்களாகத் தேர்ந்தெடுத்ததாகவும், எந்த நொடியும் நிறுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது எவ்வளவு நல்ல பயிற்சியாக இருந்தாலும், உடம்புக்கு அது இன்னொரு கட்டாயம்தான்.

கண்ணைத் திறந்துகொண்டே செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. மெதுவாக நடப்பது, நடக்கும்போது குதிகால், பாதம், விரல் என்று தரையில் படுவதைக் கவனிப்பது. துணி மடிப்பது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பின்னல் வேலை தெரிந்தால் அது ரொம்ப நல்லது, கைக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்கும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பு உருவாக்கிய தசைத் தளர்ச்சிப் பயிற்சியையும் முயலலாம். கையை முஷ்டியாக இறுக்கி, ஐந்து விநாடி வைத்திருந்து, சட்டென்று விட்டுவிட வேண்டும், விட்ட பிறகு கையில் வரும் அந்தத் தளர்வைக் கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும். அப்புறம் தோள், முகம், கால். ஏதாவது ஓர் இடத்தில் இறுக்குவது பிடிக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: அவன் என்மேல் கை வைத்தபோது நான் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. சிலை மாதிரி நின்றேன். "நீ ஏன் சும்மா இருந்த?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நானே என்னைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: நீங்கள் சும்மா இருக்கவில்லை. உங்கள் உடம்பு உறைந்துபோனது. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் முடியாது என்று மூளைக்குப் பட்டுவிட்டால் மூன்றாவதாக ஒன்று நடக்கும், கை கால் அசையாது, குரல் வெளியே வராது. நீங்கள் முடிவு செய்து நடப்பது கிடையாது அது, முடிவு எடுக்கும் இடத்துக்குப் போவதற்குள் உடம்பு தானாகச் செய்வது. விலங்குகளிடமும் இது உண்டு. பாலியல் வன்முறைக்குப் பிறகு ஸ்டாக்ஹோமில் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் நடத்தி 2017ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் சம்பவத்தின்போது குறிப்பிடத்தக்க அளவுக்கு உறைந்துபோயிருந்தார்கள் என்று தெரிந்தது. பத்தில் ஏழு பேர், சகோதரி. கத்தியவர்களைவிட உறைந்தவர்கள்தான் அதிகம்.

"ஏன் சும்மா இருந்த?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. உங்களை நீங்களே கேட்கும்போது என்ன செய்யலாம் என்றால், பதிலை முன்கூட்டியே ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "என் உடம்பு என்னை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்ததைச் செய்தது. தப்பு செய்தவன் அவன்." கேள்வி வரும்போது புதிதாக யோசித்து உங்களோடு வாதாட வேண்டாம், எழுதியதை எடுத்துப் படித்தால் போதும். உடம்பைத் தொடுவதே கஷ்டமாக இருக்கும் நாட்களில் குளிப்பது, தலை வாருவது எல்லாம் மலையாகத் தெரியும். அப்படி இருந்தால் கை கால் மட்டும் கழுவினாலும் அன்றைக்குப் போதும். யாராவது கட்டிப்பிடிக்க வந்தால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுதான். மருத்துவப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், சில தடுப்பு மருந்துகளை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன். அந்த நாட்கள் தாண்டிவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள், செய்ய வேண்டியது அப்போதும் இருக்கும்.

கேள்வி: என் மனைவி வேலை செய்யும் இடத்தில் கொள்ளை நடந்தது, கத்தியைக் காட்டி மிரட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனசில் வைத்திருந்தால் கெடுதல் என்கிறார்களே, நான் பேச வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. நீங்கள் கேள்விப்பட்டதை ஒரு காலத்தில் நிபுணர்களும் நம்பினார்கள். பெரிய சம்பவம் நடந்தால் உடனே எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்ல வைக்கும் முறை 1980களில் பரவலாக வந்தது. பிறகு ஆய்வு செய்து பார்த்தபோது அது பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்கு இன்னும் மோசமாக்கியது என்று தெரியவந்தது. இப்போது உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் அவர்கள் சொல்வதன் சாரம் எளிமையானது: என்ன தேவை என்று பாருங்கள், அவர் பேசினால் கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்து விடுங்கள்.

பாருங்கள் என்றால், அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, வேலை செய்த இடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கிறதா, அதை நீங்கள் எடுத்துப் பேசலாமா என்று பார்ப்பது. இதெல்லாம் பெரிய உதவி, பலர் இதை உதவி என்றே நினைப்பதில்லை. கேளுங்கள் என்றால், "நான் இங்கதான் இருக்கேன், பேசணும்னு தோணும்போது பேசலாம், தோணலைன்னா வேண்டாம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிஜமாகவே விட்டுவிடுவது. முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, பாத்திரம் கழுவும்போதோ பக்கத்தில் நடந்து போகும்போதோ தானாக வரும். வந்தால் குறுக்கே பேசாதீர்கள். "நான் இருந்திருந்தா அவன..." என்று ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் அவர் உங்கள் கோபத்தைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். பின்பக்கமாகப் போய்த் தொடாதீர்கள், அறைக்குள் வரும்போது ஒரு குரல் கொடுத்துவிட்டு வாருங்கள். சின்னச் சின்ன முடிவுகளை அவரிடமே கேளுங்கள், விளக்கை அணைக்கலாமா, ஜன்னல் திறந்திருக்கட்டுமா என்பது வரைக்கும். சரி, நீங்களும் ஆடிப்போயிருப்பீர்கள், உங்கள் பயத்தைக் கொட்ட வேறொரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அந்தச் சுமையை அவரிடம் இறக்க வேண்டாம்.

கேள்வி: ராத்திரி கனவு என்னைக் கொல்கிறது. தூங்கவே பயமாக இருக்கிறது. கொஞ்சம் குடித்தால்தான் கண் மூடுகிறது. மாத்திரை போடலாமா?

பதில்: குடித்தால் தூக்கம் சீக்கிரம் வருவது உண்மைதான், ஆனால் பின்னிரவில் அது தூக்கத்தை உடைக்கும். முதல் பாதி ராத்திரியில் கனவுத் தூக்கத்தை மது அமுக்கிவைக்கும், அமுங்கியது பின்பாதியில் இன்னும் வேகமாகத் திரும்பி வரும். அதிர்ச்சிக்குப் பிறகு குடி பழக்கமாக மாறிப்போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன், அந்த வழி வேண்டாம். ஏற்கெனவே தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள், திடீர் நிறுத்தம் ஆபத்து. பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள்.

கனவுக்கு மருந்தில்லாத ஒரு முறை இருக்கிறது, பகலில் செய்வது. ரொம்ப மோசமான கனவை விட்டுவிட்டு, கொஞ்சம் தாங்கக்கூடிய ஒரு கனவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதையை உங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதுங்கள். துரத்துகிறவன் கால் தடுக்கி விழட்டும், மூடிய கதவு திறக்கட்டும், நீங்கள் பறந்து போங்கள், நம்பும்படியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து நிமிஷம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள், பழைய கதையைத் தொட வேண்டாம். சில வாரங்களில் கனவின் எண்ணிக்கையும் வீரியமும் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கனவு கண்டு விழித்தால் படுத்தே கிடக்காதீர்கள், எழுந்து உட்கார்ந்து மங்கலான விளக்கு ஒன்றைப் போட்டு, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, இன்றைய தேதியைச் சொல்லுங்கள். காபி, டீ குடிப்பவர் என்றால் மதியத்தோடு நிறுத்துங்கள், காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்தில் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நடந்த குண்டுவெடிப்பின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிறுத்த முடியவில்லை.

பதில்: என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மனசு துடிக்கிறது, அதனால்தான் பார்க்கிறீர்கள். ஆனால் பாஸ்டன் மாரத்தானில் 2013ல் குண்டு வெடித்த பிறகு நடந்த ஆய்வைக் கேளுங்கள். அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும், பகலில், எழுத்து வடிவில் மட்டும் செய்தி படியுங்கள். வீடியோ தானாக ஓடும் வசதியைப் போனில் அணைத்துவிடுங்கள். கை போனைத் தேடும்போது கண்ணுக்கு வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள், துண்டுகளை அடுக்கும் விளையாட்டு, படப்புதிர், வண்ணம் தீட்டுவது மாதிரி. விபத்துக்குள்ளாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சில மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் என்ற, துண்டுகளை அடுக்கும் வீடியோ விளையாட்டை விளையாட வைத்தபோது, முதல் வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மேலெழுவது குறைந்தது என்று 2017ல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் விஷயத்தில் அந்த முதல் சில மணி நேரம் தாண்டிவிட்டது, இருந்தாலும் வீடியோவுக்குப் பதிலாக இதைச் செய்வது எவ்வளவோ மேல்.

கேள்வி: நடந்ததை டைரியில் எழுதினால் மனசு லேசாகுமா?

பதில்: ஆகலாம், உடனே ஆகாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம் தங்கள் மோசமான அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனசு இன்னும் பாரமாகத்தான் இருந்தது, பிற்பாடு வந்த மாதங்களில்தான் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆகவே சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இதைத் தொடாதீர்கள். பிறகு எழுதினாலும் அலாரம் வைத்து எழுதுங்கள், அடித்ததும் பேனாவை மூடிவிடுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அழுகை நிற்கவே இல்லை, சுற்றிலும் இருப்பது நிஜமில்லாதது போல ஆகிறது என்றால் எழுதுவதை விட்டுவிடுங்கள். அந்த வேலையை, துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்துகொள்ளலாம்.

கேள்வி: எப்போது வைத்தியம் தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எட்டு மாதம் ஆகிறது, சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: எட்டு மாதமாகச் சமாளிப்பது என்றால் எவ்வளவு சக்தி செலவாகியிருக்கும்! ஒரு மாதத்துக்கு மேலாகியும் காட்சிகள் வந்துகொண்டே இருந்தால், இடங்களையும் ஆட்களையும் தவிர்த்துத் தவிர்த்து உங்கள் உலகம் சுருங்கினால், எதிலும் பற்றில்லாமல் மரத்துப்போனால், எரிச்சலில் வீட்டாரைக் கடித்துக் குதறினால், போய்ப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நான் மேலே சொன்ன மூச்சு, நடை, தூக்க ஒழுங்கு எல்லாம் அன்றாடத்தைத் தாங்கிப் பிடிக்கும், பிடிஎஸ்டி வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த அவை மட்டும் போதாது. அதற்கென்றே நன்கு சோதிக்கப்பட்ட பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் இரண்டும் முக்கியமானவை. வருஷக்கணக்கில் போக வேண்டியிருக்கும் என்று பயப்படாதீர்கள், சாதாரணமாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள்தான். முதல் சந்திப்பிலேயே, "இந்த வகைப் பயிற்சி உங்களுக்கு உண்டா?" என்று கேளுங்கள், நல்ல ஆலோசகர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம்.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே, இப்போதே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நன்றாகத்தான் இருந்தேன், தேதி நெருங்க நெருங்கப் பழையபடி ஆகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: இல்லை. ஆண்டு நிறைவை ஒட்டி அறிகுறிகள் எட்டிப் பார்ப்பது மிகவும் சகஜம், தேதிகூட வேண்டாம், அதே வெயில், அதே மாதத்துக் காற்று போதும் உடம்புக்கு. பெரும்பாலும் அந்த நாள் தாண்டியதும் இறங்கிவிடும். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள், அதை அது பாட்டுக்கு வரவிட வேண்டாம். வேலைக்குப் போவதா லீவு போடுவதா, யாரோடு இருப்பது, போனை எத்தனை மணிக்கு அணைப்பது என்று எழுதி வையுங்கள். போன வருஷம் இந்தப் பயிற்சிகளில் உங்களுக்கு எது கைகொடுத்ததோ அதை இந்த வாரத்திலிருந்தே தினமும் செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் தேதியைச் சொல்லி வைத்து, அன்று சாயங்காலம் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும், அன்றைக்கு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.